காலி நாற்காலிகளின் ரஷ்ய மொழி

காலி நாற்காலிகளுக்கே ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்தவன் நான். அத்தனையும் முதல் வகுப்பில் தேறின. எங்கள் பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியதென்றால், ஒரு வாசலில் மழை கொட்டும்போது மறு வாசலில் வெயில் காயும். அவ்வளவு பெரிய இடத்தில் ஓர் ஆண்டு என் பிரிவில் ஒருவர்கூடச் சேரவில்லை. மூடிவிடலாமா என்று பார்க்கத் துணைப் பதிவாளர் சற்குணம் வந்தார். என்னிடம் ஒரு பருவம் படித்துவிட்டுப் பாதியில் ஓடியவர்தான்.

உட்காரவே இல்லை. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு மொழிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஆளே இல்லாம யாருக்கு சார் பாடம் நடத்துறீங்க?”

“இருக்காங்கய்யா. நீ நடக்காம நின்னா கேக்கும்.”

ஒலிநாடாவை ஓடவிட்டேன். “என் குடை எங்கே?” என்று ரஷ்யப் பெண்ணொருத்தி கேட்டாள். அடுத்து, மாணவர்கள் திரும்பச் சொல்வதற்காக நாடாவில் விட்டிருக்கும் மௌனம். அந்த மௌனத்தில், காலி நாற்காலிகளிலிருந்து, என்னிடம் படித்த அத்தனை பேரும் குடையைத் தேடினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சாவிச் சத்தம் நின்றது. சற்குணம் வெளியேறினார். பிரிவை மூடவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “சார் அழுதுட்டாரு, பாவம். குரல் கேட்டதுங்கிறது அவர் விடுற கதை” என்று சொல்லித் திரிந்தார்.

நேற்று ஓய்வூதியர் சங்கத்தில் இதை நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சற்குணம் மட்டும் எழுந்து நின்றார்.

“சிரிக்காதீங்க. நடந்துச்சு. கடைசி வரிசையில கேட்டது என் குரல். நான் அப்ப வாயே தெறக்கல.”