தரையில் நடக்கும் புறா

"அண்ணன்தான் குழல் ஊதுறாரு! கேட்டீங்களாக்கா?" என்று பக்கத்து வீட்டுத் திலீப் துள்ளினான்.

மங்களம் நின்றாள். புகைமூட்டத்துக்கு அப்பால், காட்டுக்குள்ளிருந்து "ஊம்ம்... ஊம்ம்..." என்று ஒரு முனகல் வந்தது.

அவர் ஊதவில்லை. அது புறா.

கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து புருஷன் புறா பிடிக்க ஊதும் மூங்கில் குழலைக் கேட்டுக் காது புளித்தவள் அவள். தம்புசாமி ஊதினால் பாதியிலேயே மூச்சு முட்டி அறுந்துவிடும். பின்னாலேயே இருமல் வரும். இது அறுபடாமல் ஒரே சீராக வந்தது.

திலீப்பிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

புறா கூவினால் என்ன? மனிதர் குடிலுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். தூங்குகிறவர் எப்படி ஊதுவார்? அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். கையிலிருந்த பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

நேற்று மத்தியானம் இந்த பிளாஸ்க்கில் கொஞ்சம் டீ ஊற்றிக் கொடு என்றுதான் அவர் கேட்டார்.

இந்தோனேசியாவில் எங்கேயோ காடு எரிந்து, கடல் தாண்டி இங்கே ரெம்பியாவரைக்கும் வானம் சாம்பலாகிக் கிடந்த நாள்கள் அவை. திடமான ஆட்களே மூக்கில் துணி கட்டிக்கொண்டு ரப்பர்ப் பால் வெட்டப் போனார்கள். இவருக்கோ மூச்சிழுப்பு. அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"இந்தப் பொகையில காட்டுக்குப் போவணுமா? போங்க, அந்தப் புறாகிட்டயே டீ வாங்கிக் குடிங்க."

அவர் சிரித்துக்கொண்டே மோட்டாரை மிதித்துக் கிளப்பிப் போய்விட்டார். பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. வீட்டில் சண்டை என்றால் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் கூட்டாளி வீட்டில் படுத்துவிட்டு வருவது அவர் வழக்கம். வரட்டும், நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கதவைத் தாழிட்டுப் படுத்தாள். தூக்கம்தான் வரவில்லை.

காலையில் லோரி எடுக்கப் போன திலீப்தான், அண்ணன் மோட்டார் காட்டோரம் பனியில் நனைந்து நிற்கிறது என்று ஓடிவந்து சொன்னான். அவள் அடுப்பைப் பற்றவைத்து, டீ கலந்து எடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

மலாய்க்காரர்கள் புனாய் தானா என்று சொல்லும் அந்தப் பச்சைப்புறா, மற்றப் புறாக்களைப் போலக் கூட்டமாய்க் கூரையில் உட்காராது. நிழல் விழுந்த காட்டுத் தரையில், தன்னந்தனியாகக் கோழி மாதிரி நடந்து விதை பொறுக்கும். பிடிக்கிற ஆள் இலைதழையால் ஒரு குடில் கட்டி, உள்ளே பதுங்கிக் குழலை அதன் குரலிலேயே ஊத வேண்டும். தன் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான் என்று அது சண்டைக்கு நடந்தே வரும். அருகில் வந்ததும் கோல் நுனியில் கட்டிய சுருக்கைக் கழுத்தில் மாட்ட வேண்டும். ஆனால் மகா சந்தேகப் பிராணி. உள்ளே இருப்பவர் எச்சில் விழுங்கினால்கூடப் போச்சு, தாழப் பறந்து மறைந்துவிடும்.

தம்புசாமிக்கு மூச்சு விட்டாலே நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இழுப்பு வந்த பிறகு ஒரு புறாகூட அவரிடம் மாட்டவில்லை. அண்ணன் புறா பிடிக்கவா போகிறார், புறாவுக்கு விசில் அடித்துக் காட்டப் போகிறார் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் கேலி. அவரோ வெறுங்கையோடு வந்து நின்று, கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொல்வார்:

"இன்னிக்கு ரொம்பக் கிட்ட வந்துச்சு மங்களம். அடுத்த வாட்டி காலடிக்கே வந்துரும், பாரேன்."

அவளும் சிரித்துத் தொலைப்பாள். ராத்திரியில் அந்த விசில் சத்தம் தூங்கவிடவில்லை என்று அவரைத் திட்டாத நாளில்லை. நேற்று அது காதில் விழாமல்தான் விடிய விடிய விழித்துக் கிடந்தாள்.

கூவல் நின்றிருந்தது. திலீப் பாராங் கத்தியால் புதரை ஒதுக்கினான். எதிரே குடில் தெரிந்தது. மேலே போட்டிருந்த இலைகள் வாடிப்போயிருந்தன. முன்னால் கூட்டிச் சுத்தம் செய்த தரையில் அவர் தூவிய அரிசி கிடந்தது. குடிலின் வாயிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருந்தன.

திலீப்பின் முகம் மலர்ந்துவிட்டது. "தூங்குறாருக்கா! நான் சொல்லல?" என்று கிசுகிசுத்தான்.

மங்களம் கால்களைப் பார்க்கவில்லை.

ஒரு பச்சைப்புறா அரிசியைப் பொறுக்கியபடி நடந்துகொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளை இருந்தது, ஆண்தான். அலகு சிவப்பு. அந்த மங்கிய வெளிச்சத்திலும் இறக்கை பச்சையாக மினுங்கியது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை. பொறுக்கிக்கொண்டே கால்களின் பக்கம் வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு அவருடைய புறங்காலில் ஏறி நின்று, சிலுவார்க் கால்சட்டையின் மடிப்பில் ஒட்டியிருந்த ஒரு அரிசியைக் கொத்தியது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த நெஞ்சு விசிலுக்குக் காது கொடுத்தாள். புறா கொத்தும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அண்ணே" என்று கூப்பிடத் திலீப் வாயெடுத்தான். மங்களம் அவன் கையைப் பற்றி அழுத்தினாள்.

"கூப்பிடாத தம்பி. அது பசியாறிட்டுப் போவட்டும்."