ஒரே ஒரு வரி

"மூணு மாசம் மாடா உழைச்சேன்னியேம்மா, இதுல ஒரே ஒரு வரிதானே இருக்கு?"

சுங்குடிச் சேலைக் கடை துளசிராம் கம்ப்யூட்டர் திரையை விரலால் தட்டினார். அவர் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்த பாண்டியம்மாள் எதிரே நின்றாள்.

"பார்க்கத்தாண்ணே ஒரு வரி. புரோகிராம்ல இருந்த இடைவெளி, விளக்கம் எல்லாத்தையும் எடுத்துட்டு, நீளப் பேரையெல்லாம் ஒத்தை எழுத்தா நறுக்கிச் சுருக்கிருக்கேன். அப்பத்தான் நம்மூரு டெலிபோன் லைன் இன்டர்நெட்டுல பக்கம் சட்டுனு திறக்கும்."

"கதை விடாத. ஒரு எழுத்து மாத்தணும்னாலும் உங்கிட்டயே வரணும்னுதானே, சுங்குடிக்கு முடிச்சுப் போடுற கணக்கா போட்டு வச்சிருக்க?"

"அதுவுந்தாண்ணே." அவள் மறைக்கவில்லை. "போன தடவை ஒரு நகைக்கடைக்குச் சுருக்காம முழுசாத்தான் குடுத்தேன். அடியில இருந்த எம் பேரை அழிச்சுட்டு, அதையே அவரு மச்சான் கடைக்கும் போட்டுக்கிட்டாங்க."

துளசிராம் சிரித்தார். ஆளை மடக்கிவிட்டோம் என்று தெரிந்த பிறகு வருமே, அந்தச் சிரிப்பு. மேஜை டிராயரிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்துப் போட்டார்.

"நெட்டுல ஒரு அமெரிக்கா சாரைப் பிடிச்சேன். உன்னோட ஒத்தை வரியை அனுப்பினேன். ரெண்டே நாள்ல பிரிச்சு, வரிக்கு வரி விளக்கம் எழுதி அனுப்பிட்டார். நாப்பது பக்கம்! வேலைன்னா இது வேலை."

பாண்டியம்மாள் புரட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்காரு."

"பார்த்துக் கத்துக்கம்மா. உனக்கெல்லாம் இம்புட்டு சுத்தமா எழுத வருமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சண்டை போட அவள் வரவில்லை. பரவையில் துளசிராம் திறக்கப்போகும் கிளைக்கும் ஒரு வெப்சைட் வேண்டும். அந்த வேலையைக் கேட்டு வாங்க வந்திருந்தாள். 'வடிவமைப்பு: பாண்டியம்மாள், நாகமலை புதுக்கோட்டை' என்று உலகத்தில் ஒரு பக்கத்தின் அடியிலாவது இருந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"அண்ணே, பரவைக் கடை வேலையை எனக்கே குடுங்க. இந்தத் தடவை முழுசாவே தாரேன். அடியில எம் பேரு மட்டும் இருந்தாப் போதும்."

"ஐயய்ய! அதுவும் அந்த சாருக்குத்தான். உம் பேரைப் போட்டா, பக்கத்துத் தெருவுல செஞ்சதுன்னு எளக்காரமாப் பார்ப்பாங்க. அவர் பேரு இருந்தா கடைக்கே ஒரு கௌரவம்ல?"

"நெசமாவே எம் பேரு வேணாமாண்ணே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு தாயி? போயி வேற வேலையைப் பாரு."

பாண்டியம்மாள் தாள்களை அடுக்கி மேஜைமேல் வைத்தாள். "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து மெயிலைத் திறந்தாள். அவள் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் துளசிராம் எழுதிவிட்டிருந்தார்: 'மதிப்பிற்குரிய மிஸ்டர் ஆண்டி அவர்களுக்கு, பரவை வேலையும் தங்களுக்கே. அடியில் தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளவும்.'

பாண்டியம்மாள் என்ற பெயருக்கு நெட்டில் ஒருவரும் வேலை தராமல் போகவே, அதை முன்னும் பின்னும் நறுக்கி, வெள்ளைக்காரப் பெயர் போல 'ஆண்டி' ஆக்கியவள் அவளேதான்.