முதுகில் ஒரு கை

"அழணும்னா நீங்க எங்க மிஸ் போவீய?"

சுடலைக்கனி ஒருமுறை கேட்டாள். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள்.

"போய் ஓடுட்டீ" என்று சொல்லி விசில் அடித்தாள், அணியின் பயிற்சியாளரான அவள்.

இப்போது சாமான் அறையில், சுருட்டிய பாய்களின் மேல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து மூன்று பிள்ளைகள், ஆளுக்கொரு கவலையோடு, அவள் தோளில் அழுதாயிற்று. நான்காவதாக ஒருத்தி வந்தபோது இங்கே வந்து ஒளிந்துகொண்டாள்.

வெளியே கோகோ மைதானம். மாநிலப் போட்டிக்கு அணியை யார் கூட்டிப்போவது என்று முடிவு செய்ய அதிகாரி வருகிறார்.

ஜெபராணியைத்தான் சொல்வார்.

துணைப் பயிற்சியாளராக வந்தவள். வந்த நாளிலிருந்து சுக்குக் காபி. "நீங்க செத்த நேரம் படுங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்."

எதற்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

போன வாரம் அதிகாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அக்காவுக்குப் பதிலா நான்..." இவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

கோகோவில் பின்னால் வருகிறவள் முதுகில் தொட்டு "கோ" என்பாள். உட்கார்ந்திருப்பவள் எழுந்து ஓட வேண்டும்.

தொட்டவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

கண் நிறைந்துவிட்டது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

முதுகில் ஒரு கை பட்டது.

யாரென்று தெரியும் முன்பே கால்கள் எழுந்துவிட்டன. இரண்டடி ஓடியும் விட்டாள்.

திரும்பினாள்.

ஜெபராணி. ஒரு கையில் ஆவி பறக்கும் டம்ளர். தொட்ட கை இன்னும் அந்தரத்தில்.

"என் எடந்தான வேணும் ஒனக்கு? எந்திச்சிட்டேன். உக்காந்துக்கோ."

ஜெபராணி உட்காரவில்லை. டம்ளரைப் பாயின் ஓரத்தில் சாயாமல் வைத்தாள்.

வராந்தாவில் சுடலைக்கனி ஓடிவரும் சத்தம்.

"ஆபீசர் வந்துட்டாரு! மிஸ் உள்ளயாக்கா?"

ஜெபராணி வாசலை மறைத்து நின்றாள். உதட்டில் விரல் வைத்தாள். எட்டிப் பார்த்த பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். தானும் வெளியேறி, கையைப் பின்னால் நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

உள்ளே அவள் ஈர முகத்தோடு நின்றாள். தன்னை உள்ளே பூட்டிவிட்டுப் போவாள் என்று வெளித் தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.

விழவில்லை.

இருவரின் காலடிகள் மட்டும் மைதானத்தின் பக்கம் போயின.