கம்பளிக் கையுறை

"மூச்சை நன்றாக உள்ளே இழுக்கவும்... பிடித்துக்கொள்ளவும்..."

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து மெஷினின் குரல் வந்தது. அது "விடலாம்" என்று சொல்வதற்குள் ஓர் இருமல் முந்திக்கொண்டது.

கதவு திறந்தது. ஸ்கேன் எடுக்கும் சூர்யபிரகாஷ் தலையை நீட்டினான்.

"ஹபீபுன்னிசா கூட வந்தது யாரு?"

ஜன்னலோரம் வெயிலில் உட்கார்ந்திருந்த அஹமது கபீர் எழுந்தார்.

"இருமல்ல படம் ஆடிடுதுங்க. உங்க வீட்டம்மாவுக்கு இருக்கற தோல் இறுகுற நோய், நுரையீரலுக்குள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் மருந்தை மாத்துவார். குப்புறப் படுக்க வச்சு இன்னொரு தடவை எடுக்கணும்."

"இன்னும் எவ்வளவு நேரமாகும் தம்பி?"

"ஆகும் பாய். அவசரப்பட்டா எப்படி?"

தரை துடைத்துக்கொண்டிருந்த கலைமகளுக்கு எரிச்சலாக வந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வந்து மாற்றிவிட வேண்டியவள், கும்பகோணத்தில் கல்யாணம் என்று வரவில்லை. இந்த லட்சணத்தில், பொண்டாட்டி உள்ளே மூச்சுக்குத் திணறுகிறாள், இவருக்கு நேரமாகிறதாம்.

போதாததற்கு அந்தக் கையுறை. தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில், கைக்குப் பத்தாத கம்பளி உறைகளை இழுத்து மாட்டிக்கொண்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்.

"ஃபேனுக்குக் கீழ வந்து உட்காருங்களேன் பாய்," என்றாள் தன் முறைக்குக் காத்திருந்த அகிலாண்டம்.

"இருக்கட்டும்மா. இங்கயே இருக்கேன்."

"கொரோனா போயி எத்தனை வருஷமாச்சு. இவருக்கு இன்னும் சேதி வரல போல," என்று அகிலாண்டம் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள்.

கலைமகள் ஜன்னல் பக்கம் வந்தாள். முதுகு விட்டுப்போயிருந்தது.

"அந்த வாளியைக் கொஞ்சம் இப்படித் தூக்கி வையுங்க."

அவர் குனிந்தார். கை வாளி வரைக்கும் போய் நின்றது. பிறகு காலால் தள்ளிவிட்டார். தண்ணீர் அலம்பிச் சிந்தியது.

"ஏன், நாங்க தொட்ட வாளியைத் தொட்டா கை அழுகிடுமா?"

"அப்படி இல்லம்மா. ஈரமாயிடும்."

"நாங்க நாளெல்லாம் ஈரத்துலதான் நிக்கறோம்."

அவர் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவையே பார்த்தார்.

உள்ளே மறுபடி அந்தக் குரல். இழுக்கவும். பிடித்துக்கொள்ளவும். இந்தத் தடவை இருமல் வரவில்லை.

கதவு திறந்து, ஏசிக் குளிரோடு ஹபீபுன்னிசா வெளியே வந்தாள். அவள் விரல்களைப் பார்த்த அகிலாண்டத்தின் சிரிப்பு நின்றது. நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி அத்தனை விரலும் நீலம் பாரித்திருந்தது.

கபீர் உறைகளைக் கழற்றி, ஒவ்வொரு விரலாக அவள் கையில் ஏற்றினார்.

"சூடா இருக்குங்க," என்றாள் அவள்.

"போன தடவை இந்தக் குளிர்ல விரல் நுனி கருத்துப் புண்ணாயிடுச்சும்மா," என்றார் அகிலாண்டத்திடம். "இனிமே ஸ்கேனுக்கே வரமாட்டேன்னுட்டா. விரல்ல ஆக்ஸிஜன் பாக்கற கிளிப் மாட்டணும், உறையைக் கழட்டுவாங்க. நீ வெளிய வர்றப்ப சூடா கையில தர்றேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்."

பிறகு வெறுங்கையால் வாளியைத் தூக்கினார்.

"இப்பச் சொல்லும்மா. எங்க வைக்கணும்?"

கலைமகள் இடத்தைக் காட்டினாள். மாப்பைப் பிழிந்து, அவர்கள் நடந்து போகிற வழியை முதலில் துடைக்க ஆரம்பித்தாள்.