தீவு நேரம்

அட்டைப்பெட்டியின் டேப்பை அவன்தான் கிழித்தான். சுகந்திக்குக் கை வரவில்லை.

பெட்டி வந்து சேர ஒரு மாதம் ஆகியிருக்கிறது. அவள் புருஷனும் அவன் சிநேகிதனுமான ரங்கராஜ் முன்பே வந்துவிட்டான், வேறொரு பெட்டியில்.

மேலே தொப்பி. கறுப்புக் கண்ணாடி. உப்புப் பூத்த காலணி. அதற்குக் கீழே தூண்டிலை வைக்கும் குழாய். உடம்பு கிடைத்தபோது முதுகுப்பையில் கட்டியபடியே இருந்ததாம்.

அவன் மூடியைத் திருகித் திறந்தான்.

தூண்டில் நான்கு துண்டாகக் கழற்றி, துணியில் சுற்றி, ஒழுங்காக உள்ளே இருந்தது.



"இன்னொரு மீனு, இன்னும் ஒரே ஒரு மீனுன்னு நின்னிருப்பாருங்ணா," என்றாள் சுகந்தி. "நீங்க எழுதிக் குடுத்த நேரத்துக்குத் திரும்பியிருந்தா அந்த மனுசன் இன்னைக்கு இருப்பாரு. பேராசை. வேற ஒண்ணுமில்ல, பேராசை."

செய்தி வந்த நாளிலிருந்து இதையேதான் சொல்கிறாள். ஒரு சொட்டு அழவில்லை. படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. ஊரும் அதையே சொன்னது. சிநேகிதன் என்று சொல்லிக்கொண்ட அவனும் தலையை ஆட்டினான்.

ஆனால் பேராசைக்காரன் தூண்டிலைக் கழற்றிச் சுற்றி வைப்பானா?

அடுத்து அந்தத் தாள் வந்தது. லேமினேட் செய்த தாள். அவனுடைய கையெழுத்து.

எட்டு மாதத் திட்டம் அது. மில் மிஷின் பழுது பார்க்கிற இரண்டு பேர், கோயமுத்தூர்க் குளங்களைத் தாண்டித் தூண்டில் போட்டறியாதவர்கள், இந்துமாக்கடலில் ஒரு தீவுக்குப் போய் போன்ஃபிஷ் பிடிப்பதென்று கிளம்பினார்கள். முழங்கால் தண்ணீரில் மேய வரும் வெள்ளி மீன். பிடித்து, கண்குளிரப் பார்த்து, திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும்.

"திங்கறதுக்கில்லாத மீனுக்கு ஏரோப்ளேனா!" என்று சுகந்தி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

வழிகாட்டி வேண்டாம், எல்லாம் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றவன் அவன். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, கரைக்கு எதிரே இருந்த மணல்திட்டைக் கண்டுபிடித்தவன் அவன். இடையில் ஒரு கால்வாய். கடல் வற்றினால் முழங்கால் ஆழம், ஏறினால் ஆள் மூழ்கும். வற்றும் நேரத்தை இணையத்தில் தேடி, ஒவ்வொரு நாளுக்கும் எழுதியவனும் அவனே. ரங்கராஜ் கொக்கியில் நூலும் இறகும் கட்டிப் பொய் இறால் செய்தான். நேரங்காலம் பார்க்கிற வேலை உன்னுது என்று விட்டுவிட்டான்.

கிளம்புகிற வாரத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை. ரங்கராஜ் தாளோடு தனியாகப் போனான்.

தாளின் தலையில் எழுதியிருந்தது: எல்லாம் தீவு நேரம். இறங்கியதும் கடிகாரத்தை மாற்று.

முதல் நான்கு நாளும் கரையோரம்தான். மணல்திட்டுக்குப் போய் ரங்கராஜ் மூழ்கிய ஐந்தாம் நாளுக்கு நேரே சிவப்பு மை: கடல் முழுக்க வற்றுவது 10.40. பன்னிரண்டுக்குத் தூண்டிலைக் கழற்று. நட. ஒரு நிமிடம்கூட நிற்காதே.

கழற்றியிருக்கிறான். நடந்திருக்கிறான்.

அப்புறம் எப்படி?

"இதப் பாருங்ணா." சுகந்தி பெட்டியின் அடியிலிருந்து வாட்சை எடுத்தாள். "ஓடுதுங். ஆனா பின்னால ஓடுது. உப்புத்தண்ணி உள்ள போயிருச்சாட்ட இருக்குது."

சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது. வாட்சில் மூன்று பத்து.

சரியாக ஒன்றரை மணி நேரம்.

உப்புத்தண்ணீர் இவ்வளவு கச்சிதமாகக் கெடுக்காது. அது தீவு நேரம். எழுதிக்கொடுத்தபடியே மாற்றி வைத்திருக்கிறான், சொன்ன பேச்சுக் கேட்கிற ரங்கராஜ்.

அவன் கண் தாளுக்குப் போனது. 10.40.

இதை அவன் எங்கே உட்கார்ந்து எழுதினான்? இந்த ஊரில். தன் போனைப் பார்த்து.

போனை எடுத்தான். அந்தப் பக்கத்தைத் திறந்தான். அட்டவணைக்கு அடியில், பொடி எழுத்தில், எட்டு மாதமாகக் கண்ணில் படாத ஒரு வரி. நேரங்கள் எல்லாம் பார்ப்பவர் இருக்கும் ஊரின்படி.

இங்கே 10.40 என்றால் தீவில் 9.10.

ரங்கராஜ் பன்னிரண்டுக்குத் திரும்பியபோது கடல் ஏற ஆரம்பித்து ஏறக்குறைய மூன்று மணி நேரம். அவன் ஒரு நிமிடம்கூட நின்றிருக்கவில்லை.

அடப்பாவி என்று வாய்வரை வந்தது. யாரை என்று அவனுக்குத் தெரியும்.

"டைம் மட்டும் சரி பண்ணிக் குடுங்ணா. பாப்பா கட்டிக்கறேங்கறா."

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். சுகந்தி அழுதுவிடுவாள். படத்துக்கு மாலை விழும். அதற்கப்புறம் இந்த வீட்டில் அவனை அண்ணா என்று கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள்.

வாட்சின் திருகை வெளியே இழுத்தான். முள் நின்றது.

வெகுநேரம் நின்றதுபோல இருந்தது.

பெரிய முள்ளை ஒன்றரைச் சுற்று முன்னால் திருப்பினான். சுவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். திருகை அழுத்தினான். ஓட ஆரம்பித்தது.

"சரியாயிருச்சுங்ளா?"

"சரியாயிருச்சும்மா."

அவள் வாட்சை வாங்கிக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"சொன்ன நேரத்துக்குத் திரும்பத் தெரியாத மனுசன்," என்றாள்.

அவன் குனிந்து அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் பார்த்தான்.

லேமினேட் செய்தது. மடிக்க மடிக்க விரிந்துகொண்டே இருந்தது.