பின்சீட்டுக்கு யார்

பத்மப்ரியா தன் பெயர் பேட்ஜைக் கழற்றி, எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிக் குத்திக்கொண்டாள். ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெங்கிடேஷ் வந்துகொண்டிருந்தான்.

இது மூன்றாவது தடவை.

பதினைந்து நாளைக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது அவன் வெறும் வாடிக்கையாளன். கழக்கூட்டம் ஐடி பார்க்கில் வேலை, மாதம் ஒருமுறை திருநெல்வேலி. ஊருக்குள்ளும் ஓட்ட வேண்டும், ஹைவேயிலும் பறக்க வேண்டும், சின்ன ஸ்போர்ட்ஸ் பைக்கில் எது நல்லது என்று மலையாளத்தில் கேட்டான். அவளும் மலையாளத்திலேயே பேசி, சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றும் காட்டினாள். எதை எடுப்பது என்று தெரியாமல் போய்விட்டான்.

இந்தப் புதன்கிழமை அம்மா சாவித்ரி செல்போனை நீட்டி, "பையன் எப்படி இருக்கான் பாருடி" என்றாளே, அந்தப் போட்டோவில் இருந்ததும் இதே முகம்தான். நாளை ஞாயிறு, நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

பையனை அவளுக்குப் பிடித்துத் தொலைத்தது. வம்பே அதுதான்.

ஏனென்றால் அவளுடைய ஜாதகத்தோடு அம்மா அனுப்பிய பயோடேட்டாவில் 'பேங்க் உத்தியோகம்' என்று இருந்தது.

"பைக் விக்கற பொண்ணுன்னு போட்டா எவன் நம்மாத்துப் படியேறுவான்? கல்யாணம் ஆனப்புறம் மெதுவா சொல்லிக்கலாம், கேட்டியா" என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டாள்.

இவன் இன்றைக்கு அடையாளம் கண்டுகொண்டால் நாளைக்கு பஜ்ஜியும் இல்லை, சொஜ்ஜியும் இல்லை. பொய் சொல்லிப் பெண் கொடுக்கப் பார்த்த குடும்பம் என்று கரமனைத் தெரு முழுக்கப் பேராகிவிடும்.

பையன் வீட்டுக்கு அனுப்பிய போட்டோவில் அவள் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக இருந்தாள். இங்கே கம்பெனி டீ-ஷர்ட், தொப்பி. வியாழக்கிழமை அவன் இரண்டாம் தடவை வந்தபோதும் கண்டுபிடித்த மாதிரி தெரியவில்லை. இருந்தாலும் தொப்பியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டாள்.

அவன் சிவப்பில் ஏறினான், இறங்கினான். கறுப்பில் ஏறினான், இறங்கினான். மறுபடியும் சிவப்புக்கே வந்தான்.

அவள் முதலிலிருந்து ஒப்பித்தாள். சிவப்பு எடை குறைவு, கிழக்கேகோட்டை நெரிசலில் வளைந்து நெளிந்து போய்விடலாம். ஆனால் ஹைவேயில் தொண்ணூறைத் தாண்டினால் ஹாண்டில் நடுங்கும். கறுப்பு நூறிலும் ஆடாது. ஆனால் ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் குனிந்தே நின்று மணிக்கட்டு வலிக்கும், இன்ஜின் சூடு முழங்காலில் அடிக்கும்.

கெட்டிக்கார விற்பனைக்காரி குறையைச் சொல்லமாட்டாள். இவள் சொல்லிவிடுவாள். வண்டி என்றால் இவளுக்கு அத்தனை இஷ்டம்.

பின்னால் உட்காருவதற்கு எது சுகம் என்று அவன் கேட்டான். வியாழக்கிழமையும் இதையேதான் கேட்டான்.

முதல் தடவை பின்சீட்டை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அதைத் தவிர வேறு பேச்சில்லை. புடவையோடு ஒருபக்கமாக உட்கார முடியுமா, முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கக் கம்பி உண்டா, திருநெல்வேலி வரைக்கும் இடுப்பு தாங்குமா.

யாரை ஏற்றப் போகிறான்?

"பின்னில் ஆராணு?" வாய் முந்திக்கொண்டது.

அவன் சிரித்தான். வண்டியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள், வேகத்துக்குப் பயப்படுவாளா என்றுதான் தெரியவில்லை என்று மலையாளத்தில் சொன்னான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. படுபாவி, ஆளை வைத்துக்கொண்டுதான் நாளைக்கு அப்பா அம்மாவோடு வந்து சொஜ்ஜி தின்னப் போகிறானா? அப்படியென்றால் பொய் தன் வீட்டில் மட்டும் இல்லை. அதில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. வந்த கையோடு அழுகையும் வந்தது. விற்க வேண்டிய வண்டியைப் பார்த்து ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

முதல் நாள் அவன் பேரில் தொடங்கிய விசாரணைப் படிவத்தை மேஜையில் வைத்தாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் வாடிக்கையாளர் அதில் எழுத வேண்டும், அது ஷோரூம் வழக்கம். தண்ணீர் எடுத்துவருகிற சாக்கில் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவன் பேனாவை மூடிவிட்டு எழுந்திருந்தான். "ஞான் ஒந்நு ஆலோசிக்கட்டே" என்றான். தண்ணீரைக் குடித்தான், போய்விட்டான்.

ஆலோசித்துக் கிழித்தான் என்று முணுமுணுத்தபடி அவள் படிவத்தை எடுத்தாள்.

எந்த வண்டி என்ற கட்டத்தில் இரண்டுக்கும் டிக் போட்டிருந்தான்.

முடிவு எடுப்பவர் யார் என்ற கட்டத்தில் முதல் நாள் ஆங்கிலத்தில் 'செல்ஃப்' என்று எழுதியிருந்ததை அடித்திருந்தான். பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதில் மலையாளம் படித்தவனின் கோணல்மாணல் தமிழில், 'பத்மப்ரியா'.

அவள் கை பேட்ஜுக்குப் போனது. அது திரும்பியேதான் இருந்தது. முதல் நாள் திருப்பியிருக்கவில்லை.

அடுத்த சந்திப்பு: ஞாயிறு, நாலு மணி. இடம்: கரமனை.

கடைசியில் குறிப்பு என்ற கட்டம். எல்லோரும் காலியாக விட்டுவிடுகிற கட்டம் அது. அதிலும் ஒரு வரி இருந்தது.

'நாளைக்கு பேங்க் லீவுதானே?'