பொடி எழுத்து

மார்ச் மூன்றாம் தேதி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் சேமிப்பை எல்லாம் போட்டிருந்த மின்நாணயத்தின் விதி மாறியது: ஓராண்டுக்கு யாரும் பணத்தை எடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை அவர் மனைவிக்கு இதய ஆபரேஷன். அந்த நாணயத்துக்கு மென்பொருள் எழுதும் மைத்துனனைக் கடைக்கு வரவழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, படுத்திருக்கிறது உன் அக்கா. என் பணத்தை மட்டும் எடுத்துக் கொடுடா."

"என் பணமும் உள்ளதான் மாட்டியிருக்கு அத்தான். இதுக்கு முதலாளின்னு யாரும் கிடையாது. விதியை நாங்க எழுதி அனுப்புவோம். நெட்வொர்க்கை ஓட்டுற கம்ப்யூட்டர்காரங்க பாதிக்கு மேல சம்மதிச்சாத்தான் செல்லும்."

"சம்மதிச்ச பாவிங்க யாருடா? அவங்க கால்லயே விழறேன்."

மைத்துனன் கடை மூலையைப் பார்த்தான். மாதாமாதம் கொஞ்சம் நாணயம் கிடைக்கிறதே என்று அந்த நெட்வொர்க்குக்காக அவர் இரவு பகலாக ஓடவிட்டிருந்த கணினி அங்கே உறுமிக்கொண்டிருந்தது.

"அதுல பொடி எழுத்துல ஒரு அறிவிப்பு வந்திருக்குமே அத்தான்?"

வந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரைக் கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக்கொண்டே, 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தியிருந்தார்.

"எல்லாரும் அப்படித்தான் அழுத்துறாங்க. ஒருத்தரும் படிக்கிறதில்ல" என்றான் மைத்துனன்.

விதியை மாற்ற அடுத்த வாக்கெடுப்பு செப்டம்பரில். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடக்கவில்லை.